இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 - ஆகஸ்ட் 28, 1891) அயர்லாந்தில் பிறந்து, தென்தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரையை அடுத்த இடையன்குடியிலும் தூத்துக்குடியிலும் வாழ்ந்த கிறித்தவ சமயப் பணியாளர், மொழியியலாளர், வரலாற்றாளர் ஆவார். திராவிட மொழிகள் சமற்கிருதத்திலிருந்து வேறுபட்ட தனிக்குடும்பம் என்பதை விரிவான இலக்கணச் சான்றுகளுடன் நிறுவிய ஒப்பிலக்கண நூலை 1856 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொற்கை, காயல் ஆகிய பழந்துறைகளில் அகழ்ந்து ஆராய்ந்த முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இளமையில் ஓவியம் பயின்ற இவர், மணற்காட்டு ஊரொன்றைத் தெரு, கிணறு, மரவரிசை எனத் திட்டமிட்டு அமைத்தவர் என்ற வகையிலும் நினைவுகூரப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

கால்டுவெல், அயர்லாந்தின் ஆண்ட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்த கிளாடி என்னும் சிற்றூரில், இசுக்காட்லாந்துக் குடிவழியினரான எளிய பெற்றோருக்குப் பிறந்தார். இவருக்குப் பத்து வயதானபோது குடும்பம் கிளாசுகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கத்தில் முறையான பள்ளிக்கல்வி இவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. தாமே தேடிப் படித்த நூல்களே இவருடைய அறிவுக்கு அடித்தளமாயின.

பதினாறாம் வயதை ஒட்டி இவர் மீண்டும் அயர்லாந்து சென்று, டப்ளின் நகரில் தம் தமையனுடன் தங்கி ஓவியம் கற்கத் தொடங்கினார். 1829 முதல் 1833 வரையான காலம் இவர் ஓவிய மாணவராக இருந்த காலமாகும். ஆயினும் ஓவியத்தை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவில்லை. சமய நாட்டம் மிகுந்து கிளாசுகோ திரும்பிய இவர், இலண்டன் சமயப் பரப்புச் சங்கத்தில் சேர்ந்தார்.

அச்சங்கத்தின் ஆதரவில் கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் பயின்று 1837 இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அங்கே கிரேக்க மொழிப் பேராசிரியராயிருந்த டேனியல் சாண்ட்போர்டு என்பவரின் விரிவுரைகள் இவருக்கு ஒப்பியல் மொழிநூலில் ஆர்வத்தை ஊட்டின. பின்னாளில் தென்னிந்திய மொழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஆராயும் எண்ணத்துக்கு இக்கல்வியே வித்தாக அமைந்தது.

சென்னை வருகை

1837 ஆம் ஆண்டு மேரி ஆன் என்னும் கப்பலில் புறப்பட்ட கால்டுவெல், 1838 சனவரி 8 அன்று சென்னையை வந்தடைந்தார். தெலுங்கு மொழிக்கு அகராதி செய்து புகழ்பெற்ற சார்லசு பிலிப்பு பிரவுன் அதே கப்பலில் பயணம் செய்தார். நீண்ட கடற்பயணத்தில் அவருடன் ஏற்பட்ட பழக்கம் இந்திய மொழிகளைப் பற்றிய முதல் அறிமுகத்தை இவருக்கு அளித்தது.

சென்னையில் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கித் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரூ என்பவரும், தமிழ் அகராதிப் பணியில் ஈடுபட்ட வின்சுலோ என்பவரும் இவருக்கு இக்காலத்தில் அறிமுகமாயினர். 1841 இல் இவர் இலண்டன் சங்கத்தை விட்டு நீங்கி, இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த நற்செய்திப் பரப்புச் சங்கத்தில் சேர்ந்தார்.

இடையன்குடிக்கு நடைப்பயணம்

புதிய சங்கம் இவரைத் திருநெல்வேலிச் சீமைக்கு அனுப்பியது. தாம் பணியாற்றப்போகும் நாட்டையும் மக்களையும் பேச்சு வழக்கையும் நேரில் அறிய விரும்பிய கால்டுவெல், 1841 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கண்டு நீலகிரிக்குச் சென்றார். உதகமண்டலத்தில் சென்னை ஆயர் இசுபென்சரிடம் குருப்பட்டம் பெற்றார். பின்னர் கோயம்புத்தூர், மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார்.

இப்பயணம் இவருடைய மொழி ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. ஒரே மொழி ஊருக்கு ஊர் எவ்வாறு ஒலிக்கிறது, ஏட்டில் உள்ள தமிழும் வாயில் வழங்கும் தமிழும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்பவற்றை நேரில் கேட்டறியும் வாய்ப்பு இதனால் கிடைத்தது.

தேரி நிலமும் பனைத் தொழிலும்

இடையன்குடி இன்று திருநெல்வேலி மாவட்டத்தில், தூத்துக்குடி மாவட்ட எல்லைக்கு அண்மையில் உள்ளது. தூத்துக்குடி மாவட்டம் 1986 இல் தனியாகப் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுவதும் ஒரே மாவட்டமாக இருந்தது. கடற்கரையை ஒட்டிக் கிடக்கும் செம்மணல் மேடுகள் இங்கே தேரி எனப்படும். காற்று வீசும்போது மணல் இடம்பெயரும் இந்நிலத்தில் நெல் விளைவதில்லை. வறட்சியைத் தாங்கி நிற்கும் பனையே மக்களின் வாழ்வாதாரமாக இருந்தது.

பனைத் தொழில் மாசி, பங்குனி மாதங்களில் சூடுபிடிக்கும். பாளை வெளிவந்ததும் அதனை நசுக்கிச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயங்களைக் கட்டிப் பதநீர் இறக்குவர். பனையேறுவோர் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் பல பத்து மரங்களில் ஏறி இறங்க வேண்டும். இறக்கிய பதநீரைப் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவர். இப்பருவம் முடியும்வரை குடும்பத்தில் உள்ள அனைவரும் தொழிலில் ஈடுபடுவர். இத்தகைய ஊரில் பள்ளி நடத்துவது எளிதாக இருக்கவில்லை. மரத்தை நம்பி வாழும் குடும்பத்துக்குப் பிள்ளையின் உழைப்பும் தேவைப்பட்டதே அதற்குக் காரணம்.

ஊரமைப்பும் மரம் நடுதலும்

கால்டுவெல் வந்து சேர்ந்தபோது இடையன்குடி ஒழுங்கற்ற குடிசைகளின் தொகுதியாக இருந்தது. இவர் நிலத்தை வாங்கி, நேரான அகன்ற தெருக்களை வகுத்து, வீடுகளை வரிசையாக அமைக்கச் செய்தார். குடிநீர்க் கிணறுகளைத் தோண்டச் செய்தார். தெருவோரங்களில் நிழல் தரும் மரங்களை நட்டு வளர்த்தார். ஓவியம் பயின்ற கண்ணும் கையும் இப்பணியில் இவருக்கு உதவின.

மணல் நிலத்தில் கன்றுகளை வளர்ப்பதற்கு மூன்று இடையூறுகள் இருந்தன. மேல்மண் வெயிலில் விரைந்து சூடேறும். ஊற்றிய நீர் நிற்காமல் கீழிறங்கிவிடும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பறக்கும் மணல் இளங்கன்றுகளை மூடிவிடும். எனவே கிணறு தோண்டுவதும் மரம் நடுவதும் இங்கே ஒன்றையொன்று சார்ந்த பணிகளாயின. கோடையில் நீர்மட்டம் தாழும் காலத்திலும் வற்றாத கிணறு இருந்தால் மட்டுமே அடுத்த ஆண்டுவரை கன்று பிழைக்கும்.

இவ்வாறு உருவான ஊரில் ஆலயம், பள்ளி, மருந்தகம் ஆகியவை அடுத்தடுத்து ஏற்பட்டன. கால்டுவெல் வகுத்த தெருக்களின் அமைப்பை இன்றும் இடையன்குடியில் காணலாம்.

எலைசா கால்டுவெல்லும் பெண்கல்வியும்

1844 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கால்டுவெல், எலைசா மால்ட்டு என்பவரை நாகர்கோவிலில் மணந்தார். எலைசா, நாகர்கோவிலில் பணியாற்றிய சார்லசு மால்ட்டு, மார்த்தா மால்ட்டு ஆகியோரின் மகள் ஆவார். தென்திருவிதாங்கூரில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் இளமை முதலே பழகிய மொழி. பேச்சு வழக்குச் சொற்களிலும் தொடர்களிலும் கணவருக்கு அவர் பெருந்துணையாக இருந்தார்.

எலைசா இடையன்குடியில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை நடத்தினார். நாகர்கோவிலில் அவருடைய தாயார் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ரேந்தை பின்னும் கலையை இவர் இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். சிறு மெத்தையின் மீது ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிக் கோத்துப் பின்னும் நுண்கலை இது. மாணவியர் எழுத்தும் கணக்கும் கற்றதுடன் இதனையும் பயின்றனர். பின்னிய ரேந்தைகள் ஐரோப்பியரிடையே விலைபோயின. தம் கையால் ஈட்டிய பணம் பெண்களுக்கு வீட்டிலும் ஊரிலும் ஒரு மதிப்பைத் தந்தது. பனைத் தொழிலை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது இரண்டாவது வருவாயாகவும் அமைந்தது. இடையன்குடிப் பெண்கல்வியின் வரலாற்றில் கால்டுவெல்லுக்கு இணையான இடம் எலைசாவுக்கு உண்டு.

தூய திரித்துவ ஆலயம்

இடையன்குடியில் உள்ள தூய திரித்துவ ஆலயத்தின் கட்டுமானம் 1847 இல் தொடங்கி 1880 இல் நிறைவுற்றது. கூரிய வளைவுகளைக் கொண்ட கோதிக்குப் பாணியில் அமைந்த இவ்வாலயத்தைக் கட்டி முடிக்க 33 ஆண்டுகள் ஆயின. பணம் கிடைக்கும்போது மட்டுமே பணி நடைபெற்றது இதற்குக் காரணமாகும்.

உள்ளூர்க் கொத்தர்கள் அதுவரை இத்தகைய கட்டடத்தைக் கண்டதில்லை. எனவே சாளரங்களின் வளைவுகளையும் வேலைப்பாடுகளையும் கால்டுவெல் தாமே களிமண்ணில் மாதிரியாகச் செய்து காட்டினார் என்பது அவ்வூரில் வழங்கிவரும் செய்தியாகும். டப்ளினில் கைவிட்ட கலைப்பயிற்சி, மணற்காட்டில் கொத்தர்களுக்குக் கற்பிக்கும் கருவியாகப் பயன்பட்டது.

ஒப்பிலக்கணம்

கால்டுவெல்லின் தலைசிறந்த ஆக்கம், திராவிட அல்லது தென்னிந்திய மொழிக்குடும்பத்தின் ஒப்பிலக்கணம் ஆகும். 1854 முதல் 1857 வரை இங்கிலாந்தில் விடுப்பில் இருந்தபோது இதனை 1856 இல் இலண்டனில் வெளியிட்டார். பெரிதும் விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1875 இல் வெளிவந்தது.

அக்காலத்தில் ஐரோப்பிய அறிஞர் பலர், தென்னிந்திய மொழிகள் சமற்கிருதத்தின் கிளைகள் என்றே கருதினர். 1816 இல் சென்னை ஆட்சியரான எல்லிசு, தெலுங்கு சமற்கிருதத்தின் கிளையன்று என்றும் அது தமிழோடும் கன்னடத்தோடும் உறவுடையது என்றும் காட்டியிருந்தார். ஆனால் அவருடைய கட்டுரை பரவலாக அறியப்படவில்லை. கால்டுவெல் இக்கருத்தை முழுமையான இலக்கண ஆராய்ச்சியாக வளர்த்தெடுத்தார். குமாரிலபட்டர் போன்ற பழைய ஆசிரியர்களின் வழக்கில் இருந்த திராவிடம் என்னும் சொல்லைத் தேர்ந்து இக்குடும்பத்துக்குப் பெயராக்கினார்.

இரண்டாம் பதிப்பில் 12 மொழிகள் ஆராயப்பட்டன. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும் திருந்திய மொழிகள் என்றும், துதம், கோத்தம், கோண்டு, கூ, ஒராவோன், இராசமகால் ஆகிய ஆறும் திருந்தா மொழிகள் என்றும் வகுக்கப்பட்டன. இன்றைய மொழியியல் இத்தகைய உயர்வு தாழ்வுப் பகுப்பை ஏற்பதில்லை. தொலைவில் பலுசிசுத்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் திராவிடக் கூறுகள் இருப்பதை அவர் சுட்டினார்.

அவர் எடுத்துக்காட்டிய பொதுக்கூறுகளுள் முதன்மையானவை பின்வருவன:

- உயர்திணை, அஃறிணை என்னும் பொருளடிப்படையிலான பகுப்பு.
- கேட்பவரை உட்படுத்தும் நாம், உட்படுத்தாத நாங்கள் என்னும் இருவகைத் தன்மைப் பன்மை.
- சொல்லின் முன்னொட்டாக அன்றிப் பின்னொட்டாகவே வேற்றுமையும் காலமும் சேர்தல்.
- வினையிலேயே எதிர்மறை அமைதல்.
- வல்லினம் சொல்லின் முதலில் அழுத்தமாகவும் உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும் ஒலித்தல்.

இறுதியாகக் கூறிய இயல்பு மொழியியலில் கால்டுவெல் விதி என்றே அறியப்படுகிறது. கல் என்னும் சொல்லில் உள்ள ககரமும் பகல் என்னும் சொல்லில் உள்ள ககரமும் ஒரே எழுத்தாயினும் ஒலியால் வேறுபடுவதை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். தமிழ் தன் தேவைகளைச் சமற்கிருதத்தின் துணையின்றியே நிறைவு செய்துகொள்ள வல்லது என்பதும் அவர் கண்ட முடிவுகளுள் ஒன்றாகும்.

இந்நூலின் எல்லா முடிவுகளும் நிலைபெறவில்லை. திராவிட மொழிகளுக்கும் நடு ஆசியாவின் சித்திய மொழிகளுக்கும் உறவு உண்டு என்று அவர் கருதியது பின்னாளில் ஏற்கப்படவில்லை. எனினும் குடும்பம் பற்றிய அடிப்படை முடிவு இன்றுவரை மறுக்கப்படாமல் நிற்கிறது. கிளாசுகோ பல்கலைக்கழகம் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது.

பிற எழுத்துப் பணிகள்

என்றி பவர் தலைமையில் நடைபெற்ற தமிழ் விவிலியத் திருத்தப் பணியில் கால்டுவெல் பல ஆண்டுகள் பங்கேற்றார். இத்திருத்தப் பதிப்பு 1871 இல் முழுமையடைந்தது. தமிழில் நற்கருணைத் தியான மாலை, தாமரைத் தடாகம் முதலிய உரைநடை நூல்களை எழுதினார். திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் மற்றும் பொது வரலாற்றைத் தொடக்க காலத்திலிருந்து 1801 வரை எழுதி 1881 இல் வெளியிட்டார். கட்டபொம்மன் போர்கள், பாளையக்காரர் ஆட்சி, போர்த்துக்கீசர் வருகை, ஒல்லாந்தர் வாணிகம் ஆகியவற்றை அறிய இந்நூல் இன்றும் பயன்படுகிறது. ஆயினும் அது ஆங்கிலேய ஆட்சியின் பார்வையில் எழுதப்பட்டது என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும்.

சாணார் பற்றிய நூலும் எதிர்ப்பும்

1849 இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் என்னும் ஆங்கில நூல், இவருடைய வாழ்வில் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளான ஆக்கமாகும். பின்னாளில் நாடார் என்று அழைக்கப்பட்ட அச்சமூகத்தின் சமயம், பழக்கவழக்கம், பனைத் தொழில் ஆகியவற்றை இந்நூல் விவரிக்கிறது. அவர்கள் இலங்கையின் வடபகுதியிலிருந்து குடியேறியவர்கள் என்ற கருத்தை முன்வைத்ததோடு, அவர்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி மதிப்பிட்டது.

தாம் எழுதியதைப் படிக்கப்போவோர் இங்கிலாந்தில் உள்ள நன்கொடையாளர்களே என்று எண்ணி இந்நூல் எழுதப்பட்டது. ஆனால் கால்டுவெல்லும் பிற சமயப் பணியாளரும் நிறுவிய பள்ளிகளில் பயின்று ஆங்கிலம் கற்ற தலைமுறையே அதனைப் படித்துப் பார்த்தது. தம் முன்னோரைப் பற்றி எழுதப்பட்டிருந்ததைக் கண்டு அவர்கள் வெகுண்டனர். அருமைநாயகம் சட்டம்பிள்ளை முதலியோர் மறுப்பு நூல்களையும் விண்ணப்பங்களையும் வெளியிட்டனர். அரசுவரை முறையீடுகள் சென்றன. இறுதியில் நூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது. ஒரு சமூகம் தன்னைப் பற்றிப் பிறர் எழுதிய வரலாற்றை ஏற்க மறுத்துத் தன் வரலாற்றைத் தானே எழுத முற்பட்ட நிகழ்வாக இதனை ஆய்வாளர் கருதுகின்றனர்.

கொற்கை, காயல் ஆய்வுகள்

தாமிரபரணி ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் அமைந்த கொற்கை, பாண்டியரின் பழந்துறைமுகம் ஆகும். சங்கப் பாடல்களில் முத்துக்குப் பெயர்பெற்ற ஊராக இது பேசப்படுகிறது. கிரேக்கப் பயண நூல்களிலும் தாலமியின் நிலநூலிலும் கொல்கி என்று குறிப்பிடப்படும் துறை இதுவே எனக் கால்டுவெல் விளக்கினார். மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் நகரம், கொற்கைக்கும் கடலுக்கும் இடையில் உள்ள பழையகாயல் என்பதையும் எடுத்துக்காட்டினார். இவ்விடங்களில் தாம் அகழ்ந்து கண்டவற்றை 1877 இல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளியிட்டார்.

கொற்கையில் மண்ணைத் தோண்டியபோது கடற்சிப்பிகள் வெளிப்பட்டன. இப்போது உள்நாட்டில் இருக்கும் ஊர் முன்பு கடலோரத்தில் இருந்ததற்கு இது சான்றாயிற்று. புத்தர் அல்லது சமண தீர்த்தங்கரர் உருவங்கள் என்று தாம் கருதிய சிலைகளை அங்கே கண்டார். காயலில் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. மனித எலும்புகளைக் கொண்ட பெரிய தாழிகளையும் இப்பகுதியில் ஆராய்ந்தார்.

துறைமுகங்கள் இடம்பெயர்ந்ததற்கான காரணத்தையும் இவ்வாய்வுகள் தெளிவாக்கின. தாமிரபரணி கொண்டுவந்து சேர்க்கும் வண்டலால் கடற்கரை படிப்படியாகக் கிழக்கே நகர்ந்தது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. காயலும் தூர்ந்தபின் கடல்முகத்தில் உள்ள புன்னைக்காயல் சிறப்புற்றது. ஆற்றின் வண்டல் சேராத இயல்பான துறையாகிய தூத்துக்குடி, போர்த்துக்கீசர் காலத்திலும், 1658 முதல் ஒல்லாந்தர் காலத்திலும் முதன்மை பெற்றது.

1968-69 இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு செய்தது. அங்குக் கிடைத்த கரித்துண்டு கதிர்க்கரிமக் கணிப்பின்படி கி.மு. 785 ஆம் ஆண்டை ஒட்டியது எனத் தெரியவந்தது. 2021 ஆம் ஆண்டிலும் அங்கே அகழாய்வு நடைபெற்றது. கருவிகளும் காலக்கணிப்பு முறைகளும் இல்லாத காலத்தில் கால்டுவெல் தொடங்கிய தேடலின் தொடர்ச்சியாக இவை அமைந்தன.

முத்துக்குளித்துறை

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட கடற்கரை முத்துக்குளித்துறை எனப்பட்டது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் அடித்தளப் பாறைத்திட்டுகள் பார் எனப்படும். கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டியே முத்துக்குளிப்பு நடைபெறும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் உதவியால் விரைந்து கீழிறங்கி, மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் சேர்ப்பார். மேலே தோணியில் உள்ளவர் கயிற்றை இழுத்து அவரைத் தூக்குவார். சிப்பி வளம் ஆண்டுதோறும் ஒரேமாதிரி இராது. பல ஆண்டுகள் குளிப்பே நடைபெறாமல் போவதும் உண்டு. தூத்துக்குடியில் இறுதியாக 1961 இல் முத்துக்குளிப்பு நடைபெற்றது.

இவ்வாறு, இளவேனிலில் கரையில் ஒருசாரார் கடலுக்குள் இறங்கவும், தேரியில் மற்றொருசாரார் பனையில் ஏறவும் செய்த நிலப்பகுதியே கால்டுவெல்லின் களமாக இருந்தது. பரதவர் வரலாற்றையும் முத்து வாணிகத்தையும் தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் அவர் பதிவு செய்துள்ளார்.

ஆயர் பொறுப்பும் பஞ்சமும்

1877 மார்ச்சு 11 அன்று கல்கத்தாவில் கால்டுவெல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். எட்வர்டு சார்சண்டு என்பவரும் அவருடன் ஆயரானார். இருவரும் சென்னை ஆயரின் உதவி ஆயர்களாகத் திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றினர்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. கால்டுவெல் நிதி திரட்டிப் பஞ்ச நிவாரணப் பணிகளை மேற்கொண்டார். இக்காலத்தில் பல்லாயிரவர் கிறித்தவத்தைத் தழுவினர். சோற்றுக்காகவே மதம் மாறினர் என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. துன்பக் காலத்தில் உதவியவர்கள் மீது ஏற்பட்ட நம்பிக்கையே காரணம் என்று சமயப் பணியாளர் விடையளித்தனர். இவ்விவாதம் வரலாற்றாளரிடையே இன்றும் தொடர்கிறது.

தூத்துக்குடி வாழ்க்கை

1876 இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தபின் அந்நகரம் விரைந்து வளர்ந்தது. பருத்தி ஏற்றுமதிக்கும் இலங்கைப் போக்குவரத்துக்கும் அது வாயிலாயிற்று. போப்பையர் தொடங்கிய கல்விப்பணியால் பெயர்பெற்ற சாயர்புரத்தின் கல்லூரி, 1883 இல் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. கால்டுவெல்லும் தம் இருப்பிடத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார். பின்னாளில் கல்லூரி வகுப்புகள் நின்றபோதிலும் அது பள்ளியாகத் தொடர்ந்தது. இன்று கால்டுவெல் மேல்நிலைப் பள்ளியாக அது அறியப்படுகிறது.

இறுதிக் காலம்

உடல்நலக் குறைவால் 1891 தொடக்கத்தில் கால்டுவெல் பொறுப்பிலிருந்து விலகிக் கொடைக்கானலில் தங்கினார். 1891 ஆகஸ்ட் 28 அன்று தமது 77 ஆம் வயதில் அங்கேயே காலமானார். இவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. தாம் 33 ஆண்டுகள் கட்டிய ஆலயத்தின் பலிபீடத்தின் கீழ் அடக்கம் செய்யப்பட்டார். 1899 இல் மறைந்த எலைசாவும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். இவருடைய நினைவுக் குறிப்புகளை மருமகன் வயட்டு தொகுத்து 1894 இல் வெளியிட்டார்.

தாக்கமும் மதிப்பீடும்

மொழிநூலாகத் தொடங்கிய ஒப்பிலக்கணம், இருபதாம் நூற்றாண்டில் அரசியல் தாக்கத்தையும் ஏற்படுத்தியது. திராவிடர் என்னும் அடையாளம் நீதிக்கட்சி, திராவிட இயக்கம் ஆகியவற்றின் அடிப்படைக் கருத்தாயிற்று. மொழிக்குடும்பத்தின் பெயரை இனத்தின் பெயராகவும் கொண்டது பிழை என்று கூறும் ஆய்வாளர் உளர். சமயப் பரப்பு நோக்கமும் ஆட்சியாளர் சார்பும் இவருடைய எழுத்தில் கலந்துள்ளன என்றும் திறனாய்வாளர் சுட்டுகின்றனர்.

1913 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், பறையர் திராவிடரே என்பதை ஆராயும் பகுதி உள்ளிட்ட பின்னிணைப்புகள் நீக்கப்பட்டன. நீண்டகாலம் மாணவர் பயின்றது இக்குறைந்த பதிப்பையே ஆகும். 2008 இல் இரண்டாம் பதிப்பு முழுமையாக மறுபதிப்புச் செய்யப்பட்டதால் விடுபட்ட பகுதிகள் மீண்டும் வாசகருக்குக் கிடைத்தன.

நினைவுச் சின்னங்கள்

- 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது.
- 2010 இல் இந்திய அஞ்சல்துறை நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.
- இடையன்குடியில் இவர் வாழ்ந்த இல்லம் 2011 இல் தமிழ்நாடு அரசால் நினைவில்லமாக்கப்பட்டது.
- இரா. பி. சேதுப்பிள்ளை, கால்டுவெல் ஐயர் சரிதம் என்னும் வரலாற்று நூலை எழுதியுள்ளார்.

முதன்மையான ஆக்கங்கள்

- திருநெல்வேலிச் சாணார் (ஆங்கிலம், 1849)
- நற்கருணைத் தியான மாலை (தமிழ், 1853)
- திராவிட அல்லது தென்னிந்திய மொழிக்குடும்பத்தின் ஒப்பிலக்கணம் (ஆங்கிலம், 1856, இரண்டாம் பதிப்பு 1875)
- தாமரைத் தடாகம் (தமிழ், 1871)
- திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் மற்றும் பொது வரலாறு (ஆங்கிலம், 1881)
- திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றுப் பதிவுகள் (ஆங்கிலம், 1881)